சி.பி.ஏ. வரி: காடு வாங்கவா, வீடு கட்டவா?

கேள்வி, பிப்ரவரி 8, 2025

மாசசூசெட்ஸில் ஒரு சின்ன டவுனில் வீடு வாங்கியிருக்கிறோம். சொத்து வரி பில்லில் சி.பி.ஏ. (கம்யூனிட்டி பிரிசர்வேஷன் ஆக்ட் என்ற மாநிலச் சட்டமாம்) என்று தனியாக 3% கூடுதல் வரி. விசாரித்தால், இந்தப் பணத்தை வைத்து ஒரு குழு காட்டையும் வயலையும் வாங்கிப் போடுகிறது, எளிய விலை வீடு என்பது பேருக்குத்தான் என்கிறார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: புதிதாக யாரும் குடிவராமல் ஊரைச் சுற்றி வேலி போடுகிறார்கள், வேலிக்கான காசை நம்மிடமே வாங்குகிறார்கள். மே மாத டவுன் மீட்டிங்கில், அதாவது ஊர் வாக்காளர்கள் கூடி ஓட்டுப் போடும் கூட்டத்தில், இந்த வரியை ரத்து செய்யத் தீர்மானம் வருகிறதாம். ஆதரிக்கலாமா?

பிப்ரவரி 8, இரவு

முதலில் பில். 3% என்பது வீட்டு மதிப்பில் இல்லை, சொத்து வரியில். மதிப்பு 6,00,000 டாலர், வரி ஆயிரத்துக்கு 12 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருட வரி 7,200. அதில் 3% என்றால் 216 டாலர். உங்கள் டவுன் வீடுகளுக்கு முதல் 1,00,000 டாலர் விலக்கு கொடுத்திருந்தால் 180 டாலர். 3% என்பது உச்சவரம்பு, 1%, 1.5% வாங்கும் ஊர்களும் உண்டு. குறைந்த வருமானக்காரர்களுக்கும், 60 வயது தாண்டிய நடுத்தர வருமானக்காரர்களுக்கும் முழு விலக்கு தரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், தானாக வராது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லி வையுங்கள்.

சட்டம் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கையெழுத்தானது. கம்யூனிட்டி பிரிசர்வேஷன் ஆக்ட், பொதுச் சட்டங்களில் 44பி அத்தியாயம். மாநிலத்தின் 351 ஊர்களில் பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டுவிட்டன. பாஸ்டன் 2016 நவம்பரில்தான் சேர்ந்தது. வரும் பணத்தில் வருடா வருடம் திறந்த வெளிக்கு 10%, பழமையான கட்டடங்களுக்கு 10%, வீட்டு வசதிக்கு 10% கட்டாயம். மீதி 70% இந்த மூன்றில் எதற்கும் போகலாம், விளையாட்டுத் திடலுக்கும் போகலாம். நிர்வாகச் செலவுக்கு 5% வரை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கட்டாயம் என்பது செலவழிப்பதற்கோ ஒதுக்கி வைப்பதற்கோதான். ஒதுக்கிவிட்டுச் சும்மா இருந்தாலும் சட்டப்படி சரி. உங்கள் சந்தேகத்துக்குப் பதில் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

ரத்து பற்றி மட்டும் இப்போது. ஏற்றுக்கொண்டு 5 வருடம் ஆகாமல் ரத்து செய்ய முடியாது. ஆன பிறகும் டவுன் மீட்டிங் மட்டும் போதாது, தேர்தலில் வாக்குச்சீட்டிலும் ஜெயிக்க வேண்டும். அப்படியே ரத்தானாலும், இந்தப் பணத்தை நம்பி டவுன் ஏற்கெனவே வாங்கிய கடன் தீரும்வரை வரி வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அடுத்த வருடமே 180 டாலர் மிச்சம் என்று கணக்குப் போட வேண்டாம்.

பிப்ரவரி 9, மாலை

"ஊர் வசூலிக்கும் சி.பி.ஏ. வரிக்கு ஈடாக மாநிலம் டாலருக்கு டாலர் போடுகிறது, விடலாமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆரம்ப வருடங்களில் அப்படித்தான் இருந்தது. பத்திரப் பதிவுக் கட்டணத்தோடு 20 டாலர் கூடுதலாக வசூலித்து ஒரு நிதியில் சேர்த்தார்கள், அதிலிருந்து ஊர்களுக்குப் பங்கு. பிறகு சேரும் ஊர்கள் பெருகின, வீட்டுச் சந்தையும் 2008 வாக்கில் படுத்தது. பங்கு தேய்ந்து ஒரு கட்டத்தில் 20%க்கும் கீழே போனது. 2019 கடைசி நாளிலிருந்து கட்டணம் 50 டாலர் ஆன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. முழுத்தொகை வரும் என்று நினைத்துப் பட்ஜெட் போடும் ஊர் இப்போது எதுவும் இல்லை.

பிப்ரவரி 12

வேலி குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நான் இருப்பது வேறு டவுன், ஆனால் குழுவின் அமைப்பு எங்கும் ஒன்றுதான். 5 முதல் 9 பேர். அதில் ஐந்து இடம் சட்டம் குறித்த இடம்: இயற்கைப் பாதுகாப்புக் கமிஷன், வரலாற்றுக் கமிஷன், பிளானிங் போர்டு, பூங்காத் துறை, ஹவுசிங் அத்தாரிட்டி (குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளைக் கவனிக்கும் ஊர் அமைப்பு). ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆள்.

எங்கள் ஊர்க் குழுவின் கூட்டத்துக்கு நான் போனது ஊர் நலனுக்கு இல்லை, கிரிக்கெட்டுக்கு. பழைய சாஃப்ட்பால் திடல் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. அதில் ஒரு பிட்ச் போட்டுத் தரும்படி மனு எழுதிக்கொண்டு போனோம். மனுவை மேலும் கீழும் பார்த்த தலைவர், "இதில் விரிக்கும் பாய் செயற்கைப் புல்லா?" என்று கேட்டார். 2012 திருத்தத்தின்படி இந்தப் பணத்தில் ஆடுகளங்களுக்குச் செயற்கைப் புல் வாங்கக் கூடாது. பாய் என்பது புல்லா, விரிப்பா என்று டவுன் வக்கீலிடம் கேட்டு வருகிறோம் என்று தள்ளிவைத்தார்கள். அந்தப் பதிலுக்காக உட்கார்ந்து உட்கார்ந்துதான் மற்ற மனுக்களையெல்லாம் கேட்க நேர்ந்தது.

கேட்டதில் புரிந்தது இது. நிலத்துக்கான மனு வரும்போது கூடவே வண்ண வரைபடம் வரும், ஆமை படம் வரும், பச்சை டி-ஷர்ட் போட்ட பத்துப் பேர் வருவார்கள், விற்கத் தயாரான உரிமையாளர் வருவார், "நாங்களும் இவ்வளவு போடுகிறோம்" என்று நிலப் பாதுகாப்பு டிரஸ்ட் ஒன்று வரும். பழைய கட்டடத்துக்கான மனுவில் ஒழுகும் கூரையின் புகைப்படம் இருக்கும். வீட்டு வசதிக்கு மனுவே வராது. ஹவுசிங் அத்தாரிட்டியிலிருந்து வந்த அம்மாள் கூட்டத்துக்குக் கூட்டம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய 10% ஒதுக்கீடு அப்படியே வருடா வருடம் சேர்ந்துகொண்டிருந்தது.

அதாவது, குழுவில் வில்லன் யாரும் இல்லை. வருகிற மனுவைத்தான் குழு பார்க்க முடியும். வீட்டுக்கு மனுப் போட யாரும் இல்லை, ஏனென்றால் அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் இன்னும் ஊருக்குள் வரவே இல்லை. ஆமைக்கு டி-ஷர்ட் போட்ட ஆள் இருக்கிறார், அவருக்கு இல்லை.

அதற்காக வேலி என்பது முழுப் பொய்யும் இல்லை. 40பி என்று ஒரு சட்டம் 1969இலிருந்து இருக்கிறது. ஊரின் வீடுகளில் 10% எளிய விலைக் கணக்கில் இல்லாவிட்டால், திட்டத்தில் 20 முதல் 25% வீடுகளை எளிய விலையில் தரும் பில்டர் ஊரின் மண்டல விதிகளைத் தாண்டிக் கட்ட அனுமதி வாங்கலாம். இந்தப் பயத்திலேயே "பில்டர் வாங்குமுன் நாம் வாங்கிவிடுவோம்" என்று நிலத்துக்குக் கை தூக்குபவர்கள் உண்டு. மைக்கில் ஆமை என்பார்கள், காபி டேபிளில் டிராஃபிக் என்பார்கள்.

பிப்ரவரி 13

ஆமை பற்றி எழுதியதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். கிண்டல்தான், ஆனால் ஆமை மேல் இல்லை.

பிப்ரவரி 16

"பணம் சும்மா கிடந்தால் டவுனே வீடு கட்டலாமே?" நியாயமான கேள்வி. தடை எங்கே என்றால், சி.பி.ஏ. பணம் ஒவ்வொன்றுக்கும் குழு பரிந்துரைக்க வேண்டும், டவுன் மீட்டிங் ஒப்ப வேண்டும். டவுன் மீட்டிங் வருடத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. வீடு விற்பவர் ஒரு வாரம்கூடப் பொறுக்க மாட்டார்.

இதற்குத்தான் 2005இல் இன்னொரு சட்டம் வந்தது: டவுன் தனக்கென்று ஒரு ஹவுசிங் டிரஸ்ட் அமைத்துக்கொள்ளலாம். ஒதுக்கீட்டை டவுன் மீட்டிங் மொத்தமாக அந்த டிரஸ்ட்டுக்கு மாற்றிவிட்டால், சந்தைக்கு ஒரு பழைய டூப்ளெக்ஸ் வந்த அன்றே அவர்கள் போய்ப் பேசலாம். எங்கள் ஊரில் டிரஸ்ட் அமைத்த பிறகுதான் பின்னல் நின்றது.

உங்கள் ஊரில் டிரஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரத்துத் தீர்மானத்தைவிட டிரஸ்ட் தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்குவது பயனுள்ள வேலை.

பிப்ரவரி 16, சற்று நேரம் கழித்து

இன்னொன்று விட்டுப்போனது. எதற்குச் செலவழிக்கலாம் என்பது ஒவ்வொரு தலைப்புக்கும் ஒவ்வொரு மாதிரி. வீட்டு வசதிக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். வாங்கலாம், கட்டலாம், காப்பாற்றலாம், அதோடு ஆதரவும் தரலாம். வாடகை உதவி, முதல் வீடு வாங்குபவருக்கு முன்பணம் எல்லாம் இந்த ஆதரவில் அடங்கும். கட்டடமே எழுப்பாமல்கூட ஒதுக்கீட்டைச் செலவழிக்க வழி இருக்கிறது. பராமரிப்புக்கு மட்டும் எந்தத் தலைப்பிலும் ஒரு சல்லி கிடையாது. புல் வெட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் டவுன் பட்ஜெட்டில்தான்.

பிப்ரவரி 22

இதுவரை பொதுவாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நிலத்தின் கதை சொல்கிறேன், அதில்தான் என் கருத்து இருக்கிறது.

எங்கள் ஊரில் சாலையை ஒட்டி ஒரு வைக்கோல் வயல், பின்னால் காடு. 61ஏ என்ற விவசாயச் சலுகையில் இருந்த நிலம், அதாவது வரி மிகக் குறைவு. அதற்குப் பதில் ஒரு நிபந்தனை உண்டு. வீடு கட்ட விற்பதென்றால் முதலில் டவுனுக்குச் சொல்ல வேண்டும். அதே விலைக்கு டவுன் வாங்கிக்கொள்ளலாம், யோசிக்க 120 நாள். உரிமையாளர் இறந்தார், பிள்ளைகள் பில்டரிடம் ஒப்பந்தம் போட்டார்கள், நோட்டீஸ் வந்தது. கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

நான் முதலில் வீட்டுப் பக்கம். மொத்தத்தையும் பில்டரே எடுக்கட்டும், எண்ணிக்கையாவது கூடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை குழு நிலத்தைச் சுற்றிக் காட்டியது. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போனேன். வயலின் பாதிக்கு மேல் போனதும் கால் பொதக் பொதக் என்று இறங்கியது. இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள் வரிசையாக நட்டிருந்தன; அதற்கு அப்பால் சதுப்பு, அதிலிருந்து 100 அடிக்குள் எது செய்வதென்றாலும் இயற்கைப் பாதுகாப்புக் கமிஷனிடம் போக வேண்டும். ஊரில் சாக்கடைக் குழாய் கிடையாது, எல்லாம் செப்டிக் டேங்க். குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் மண் குடிக்கிறது என்று பார்ப்பார்கள். தண்ணீர் இறங்கிய குழிகள் எல்லாம் சாலையோரத்தில் இருந்தன. பின்னால் தோண்டிய குழியில் ஊற்றவே தேவை இருக்கவில்லை, தானே ஊறியிருந்தது.

காட்டை விட்டுவிட்டால் வீட்டுக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பது அங்கே நிற்கும்போது கண்ணுக்கே தெரிந்தது. அதே மாதிரி, சாலையோர மேட்டை வீட்டுக்குக் கொடுத்தால் ஆமைக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்தால் இரண்டு கட்சி. ஒன்று முழுவதும் பச்சை, ஒன்று முழுவதும் வீடு.

இதில் அவசரமான சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. நிலத்தைத் திறந்த வெளி என்று ஒரு முறை வாங்கிவிட்டால், மாநில அரசியலமைப்பின் 97ஆம் திருத்தம் (1972) அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு ஒரு மூலையை வீட்டுக்கு எடுக்க மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், ஈடாக வேறு நிலமும் காட்ட வேண்டும். சி.பி.ஏ. பணம் என்றால் நிரந்தரக் கட்டுப்பாட்டுப் பத்திரம் வேறு. நம் பாஷையில் சொன்னால், வேண்டுமென்றே ஏற்றிவைக்கும் வில்லங்கம். ஆகவே "இப்போதைக்கு எல்லாம் பச்சை, வீட்டை அப்புறம் பார்ப்போம்" என்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை ரொம்ப விவரமானவர். நிலம் வாங்கும் நாளிலேயே எல்லைக் கோடு கிழிக்க வேண்டும். தீர்மான வாசகத்தில் "சாலையோரம் இத்தனை ஏக்கர் வீட்டு வசதிக்கு, மீதி இயற்கைப் பாதுகாப்புக்கு" என்று வரவேண்டும்.

எங்கள் ஊரில் அப்படி வரவைத்தது பின்னல் அம்மாள்தான். வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இந்தப் பக்கம் என் ஒதுக்கீட்டிலிருந்து, அந்தப் பக்கம் உங்கள் ஒதுக்கீட்டிலிருந்து" என்றார். இத்தனை வருடம் செலவாகாத பணம் அன்றைக்குக் கைகொடுத்தது.

பிப்ரவரி 23

ஏக்கர் கணக்கு கேட்கிறவர்களுக்கு: சொல்ல மாட்டேன், ஊர் தெரிந்துவிடும்.

மார்ச் 2

இந்த இழையில் பேச்சு தேவாலயத்துக்குப் போய்விட்டது. அரசுப் பணத்தில் சர்ச் ஜன்னலா என்று கேட்டவருக்கு: ஆக்டன் டவுனில் அதே சண்டை நடந்து மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் தீர்ப்பு. பழமையான கட்டடம் என்ற பெயரில் தேவாலயத்துக்கு ஒரு காசும் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் மதச் சித்திரம் உள்ள வண்ணக் கண்ணாடிக்கு இந்தப் பணம் போகக் கூடாது என்று நிறுத்திவைத்தது. நம் கோயில் குளங்களைப் பற்றி இங்கே ஆரம்பிக்க வேண்டாம், இழை மூடப்படும்.

மார்ச் 9

நிலம் ஊருக்கு, வீடு குடும்பத்துக்கு என்பதெல்லாம் அமெரிக்காவில் செல்லுபடியாகாத சோஷலிசம் என்று ஒருவர். அதற்கு நீளமாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் இதில் நமக்குப் பங்கு இருக்கிறது.

1951 ஏப்ரலில் தெலங்கானாவில் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூதானத்தைத் தொடங்கினார். அது கிராமதானமாக வளர்ந்தது: தனித்தனி மனிதருக்குத் தானமாகக் கொடுத்த நிலம் கைமாறிப் போய்விடுகிறது, ஆகவே ஊர் பெயரில் இருக்கட்டும், உழுகிறவர் பயன்படுத்தட்டும் என்ற ஏற்பாடு. இந்த யோசனை அமெரிக்கச் சிவில் உரிமை இயக்கத்தில் இருந்த சிலரைப் பிடித்துக்கொண்டது. ஓட்டுப் போடப் பதிவு செய்ததற்காகக் குத்தகை நிலத்திலிருந்து கறுப்பின விவசாயிகளை விரட்டிக்கொண்டிருந்த காலம். சொந்த நிலம் இல்லாதவனுக்கு ஓட்டும் இல்லை. ராபர்ட் ஸ்வான், ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட், ஷர்லி ஷெராட் போன்றவர்கள் சேர்ந்து 1969இல் ஜார்ஜியாவில் நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுமார் 5,700 ஏக்கர். கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட் என்று இன்று சொல்வதற்கு முதல் உதாரணம் அதுதான்.

அது நிலைக்கவில்லை. வறட்சி வந்தபோது பக்கத்து வெள்ளையர் பண்ணைகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. பாகுபாடு காட்டப்பட்டது என்று ஒப்புக்கொள்ளப்பட்டு 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு வந்தது. ஆனால் அதற்குள் விதை வேறு இடங்களில் விழுந்திருந்தது. வெர்மான்ட்டில் பர்லிங்டன் நகரம் 1984இல் ஒரு டிரஸ்ட் தொடங்கியது. பெர்னி சாண்டர்ஸ் அப்போது மேயர். நம் பாஸ்டனில் டட்லி தெரு மக்கள் 1988இல் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே வாங்கினார்கள். பொதுவாக ஏற்பாடு இப்படி: நிலம் டிரஸ்ட்டிடம், வீடு குடும்பத்திடம், நடுவில் 99 வருடக் குத்தகை.

நம் பக்கத்தில் கிராமதானத்தைத் தூக்கிச் சுமந்தவர்கள் காந்தியவாதித் தம்பதியான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1968இல் கீழ்வெண்மணி எரிந்த பிறகு தஞ்சைப் பக்கமே போய் உட்கார்ந்தார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களிடம் பேரம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலத்தை எழுதி வைத்தார்கள். இது ஊர் பெயரில் இல்லை, தனிப் பட்டா, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே யோசனை ஜார்ஜியாவில் ஒரு மாதிரியும் கீழத்தஞ்சையில் இன்னொரு மாதிரியும் முளைத்திருக்கிறது. செல்லுபடியாகாது என்பவர் எந்த இடத்தில் செல்லவில்லை என்று சொல்லட்டும்.

மார்ச் 10

வெர்மான்ட் என்றதும் நினைவு வந்தது. 1987இலேயே அங்கே மாநில அளவில் வீட்டு வசதிக்கும் நிலப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரே வாரியம் அமைத்தார்கள். இரண்டு கட்சியையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் சண்டை நிற்காது, ஆனால் யார் பணம் எங்கே போகிறது என்பது இருவருக்கும் தெரியும்.

மார்ச் 15

"திரும்ப விற்று லாபம் பார்க்க முடியாத இந்த எளிய விலை வீட்டை எந்த மடையன் வாங்குவான்?"

வாங்க முடியாதவன் வாங்குவான். வருமானம் பொதுவாக வட்டார நடுவருமானத்தில் 80%க்குள் இருக்க வேண்டும் (சி.பி.ஏ. 100% வரை அனுமதிக்கிறது). சந்தை விலையைவிட வெகுவாகக் குறைத்துக் கொடுப்பார்கள். திரும்ப விற்கும்போது பத்திரத்தில் எழுதிய சூத்திரப்படிதான் விலை, வாங்குபவரும் அதே வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். வீட்டுக் கடனின் அசல் அடைந்துகொண்டே வரும், வரம்புக்குட்பட்டு விலையும் கொஞ்சம் ஏறும். பக்கத்து வீடு இரட்டை விலைக்குப் போகும்போது வயிறு எரியும்தான். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டை வாங்கும் வாய்ப்பே இவருக்கு இல்லை. இவர் ஒப்பிட வேண்டியது வாடகையோடு.

இதில் எனக்கு முடிவுக்கு வர முடியாத ஒரு விஷயம், உள்ளூர் முன்னுரிமை. எளிய விலை வீடு யாருக்கு என்று குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்வார்கள்; அதில் 70% வீடுகள் வரை ஏற்கெனவே ஊரில் இருப்பவர், டவுன் ஊழியர், பள்ளிக்குப் பிள்ளை அனுப்புபவர் என்று ஒதுக்க மாநிலம் அனுமதிக்கிறது. டவுன் மீட்டிங்கில் ஓட்டு விழ இது வேண்டும். "நம் தீயணைப்பு வீரருக்கு வீடு" என்றால்தான் கை உயரும். ஆனால் ஊரே ஒரே நிறமாக இருந்தால் முன்னுரிமையும் அதே நிறத்துக்குத்தான் போகும். குலுக்கல் முறையில் இதைச் சரிக்கட்டச் சில விதிகள் உண்டு. அவை போதுமா? சில நாள் போதும் என்று தோன்றும், சில நாள் இதுதான் உண்மையான வேலி என்று தோன்றும்.

மார்ச் 16

எச்1பியில் இருப்பவர்கள் டவுன் மீட்டிங்கில் ஓட்டுப் போடலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்குப் பொதுவில் பதில்: முடியாது, கிரீன் கார்டு இருந்தாலும் முடியாது. பதிவு செய்த வாக்காளர் மட்டும். அனுமதி கேட்டுப் பேசலாம், பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் குழு வருடத்துக்கு ஒரு முறையாவது பொது விசாரணை நடத்தியாக வேண்டும், அங்கே யாரும் விசா கேட்பதில்லை. தேவை இன்னது என்று பதிவாவது அங்கேதான். நாம் வரியும் கட்டி வாயும் திறப்பதில்லை.

மார்ச் 23

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்கப் பின்கட்டில் ஒரு சின்ன வீடு கட்ட இந்தப் பணம் கிடைக்குமா? கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் 2025 பிப்ரவரி 2 முதல் தனி வீட்டு மண்டலங்களில் அதைத் தடுக்க டவுனுக்கு அதிகாரம் இல்லை: 900 சதுர அடி, அல்லது முதன்மை வீட்டின் பாதி, எது குறைவோ அது வரை. செப்டிக் டேங்க் கொள்ளளவை மட்டும் முதலிலேயே பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏப்ரல் 6

இழையை ஆரம்பித்தவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: அவர் ஊரில் டிரஸ்ட் இல்லை, வீட்டு ஒதுக்கீடு பல வருடமாகக் கிடக்கிறது, குழுவில் ஹவுசிங் இடமே காலி. "அப்படியானால் நான் சொன்னது சரிதானே?" என்கிறார்.

பாதி சரி. வேலி போடுகிறார்கள் என்றீர்கள். அங்கே கேட் திறந்துதான் இருக்கிறது, வாட்ச்மேன் நாற்காலி காலி. அந்த இடம் ஹவுசிங் அத்தாரிட்டியின் இடம். ஊரில் அத்தாரிட்டியே இல்லையென்றாலும் அதே வேலையைச் செய்யும் ஒருவரை நியமிக்கச் சட்டத்தில் வழி உண்டு. டவுனை நிர்வகிக்கும் செலக்ட் போர்டுக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். ஒதுக்கீட்டில் எவ்வளவு கிடக்கிறது என்ற எண்ணை முதல் வரியில் போடுங்கள்.

மே 11

எங்கள் டவுன் மீட்டிங் முடிந்தது. உயர்நிலைப் பள்ளி ஜிம், மரப் பெஞ்சு, நள்ளிரவு வரை.

சாலையோர வீடுகளுக்கு டிரஸ்ட்டுக்குப் பணம் மாற்றும் தீர்மானம் வந்தபோது ஓர் இளைஞர் எழுந்து, தொகையை இரட்டிப்பாக்க வேண்டும் என்றார். கைதட்டல். கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் தடுத்துவிட்டார்: குழு பரிந்துரைத்த தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம், கூட்ட முடியாது. இன்னொருவர் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அதை ஓட்டுக்கு விட்டார்கள், தோற்றது. பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. வெளியே பிடித்து, செப்டம்பரில் குழு மனு வாங்க ஆரம்பிக்கும், சண்டையை அங்கே போடு என்று சொன்னேன். கடைசி வாரத்தில் கை தூக்குவதில் ஒன்றும் நடக்காது, தொகை முடிவாவது குளிர்காலத்தில், எட்டுப் பேர் உட்காரும் அறையில்.

முதல் தீர்மானம் சாதாரணப் பெரும்பான்மையில் போய்விட்டது. நிலத்துக்குக் கடன் வாங்கும் தீர்மானம் வேறு, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு தேவை, ஒவ்வொரு கையாக எண்ணினார்கள். தேறியது. பச்சை டி-ஷர்ட்காரர்கள் வீட்டுத் தீர்மானத்துக்கும் கை தூக்கினார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன். எல்லாரும் இல்லை.

கிரிக்கெட் பிட்ச் நிலுவையில். பாய் புல்தான் என்பது வக்கீலின் தற்போதைய எண்ணமாம். மண் பிட்ச் போடுவதென்றால் பராமரிப்பு யார் பொறுப்பு என்று பூங்காத் துறை கேட்கிறது.

மே 12

குலுக்கல் எப்போது என்று கேட்பவர்களுக்கு: வெகு தூரம். செப்டிக் அனுமதி, பில்டர் தேர்வு, மாநில ஒப்புதல் எல்லாம் முடிந்து அறிவிப்பு வரும். வந்தால் விண்ணப்பிக்க 60 நாள் போலக் கிடைக்கும். வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், டேக்ஸ் ரிட்டர்ன், வங்கியிடமிருந்து கடன் முன்னனுமதிக் கடிதம் இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சொத்துக்கும் வரம்பு உண்டு, பெரும்பாலும் முதல் வீடு வாங்குபவராகவும் இருக்க வேண்டும். இந்தியாவில் உங்கள் பெயரில் இருக்கும் மனையையும் எழுதச் சொல்வார்கள், மறைக்காதீர்கள். வாடகை வீடுகளுக்குத் தனிக் குலுக்கல், அதற்கு முன்னனுமதிக் கடிதம் வேண்டாம்.